டிரோல்ஹெட்டனும் டெட்ராய்ட்டும்: சாப் காரில் எது மாறியது, எது மாறவில்லை

ஸ்வீடனின் டிரோல்ஹெட்டன் நகரில் உருவான சாப் காரைப் பற்றிப் பேச்செழுந்தால் "ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக் கெடுத்துவிட்டது" என்ற ஒரே வரியில் பெரும்பாலும் முடிந்துவிடும். அது பாதி உண்மைதான். 1990இல் டெட்ராய்ட்டின் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பாதிப் பங்கை வாங்கியபின் வந்த சாப் கார்களில் எஞ்சின் நிற்கும் விதம் மாறியது, முன் சஸ்பென்ஷன் மாறியது, பிறகு எஞ்சினே மாறியது. மோதல் பாதுகாப்பு மட்டும் இறங்கவில்லை. சாபின் மிகச் சிறந்த பாதுகாப்புக் கண்டுபிடிப்புகளில் ஒன்று ஜிஎம் காலத்தில்தான் வந்தது. அதே காலத்தில் அதே சின்னத்தை ஒட்டிக்கொண்டு, சாப் பொறியாளர்களின் கை அதிகம் படாத இரண்டு கார்களும் வந்தன. ஒரே முதலாளி, மூன்று வகை விளைவு. எந்த முடிவை யார், எந்தக் கட்டத்தில் எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் இந்த முரண் விளங்கும்.

முதலில், சாப் என்றால் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 1937இல் போர் விமானம் கட்டத் தொடங்கிய நிறுவனம் அது. போர் முடிந்ததும் காருக்கு வந்தது. 1949 இறுதியில் உற்பத்திக்கு வந்த சாப் 92 ஒரு முன்சக்கர இயக்கக் கார். 764 சிசி, இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 25 குதிரைத்திறன். பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் அந்த எஞ்சினுக்கு மசகு. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் பெட்ரோல் வராது, எண்ணெயும் வராது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் காலை எடுத்ததும் சக்கரத்திலிருந்து எஞ்சின் தானே விடுபட்டுச் சும்மா சுழலும்படி ஃப்ரீவீல் வைத்தார்கள். ஒரு சிக்கலை அதன் வேரிலிருந்து யோசித்துத் தனி வழியில் தீர்ப்பது சாபின் பழக்கமாக அங்கே தொடங்கியது.

அந்தப் பழக்கம் முழு உருவம் பெற்றது 1967இல் அறிமுகமான சாப் 99இலும், அதிலிருந்து 1978இல் வளர்ந்த 900இலும். இவற்றில் எஞ்சின் நீளவாக்கில், 45 பாகை சாய்ந்து, முன்பின் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கிளட்ச் காரின் முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி இருக்கும். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில். மேலிருந்து கீழே சக்தியைக் கொண்டுபோவது சங்கிலி. பானெட்டைத் திறந்தால் கிளட்ச் கண்ணெதிரே இருப்பதால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்காமலே அதை மாற்றலாம். முன் சஸ்பென்ஷன் இரட்டை விஷ்போன் வகை, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும். சாவித் துவாரம் ஸ்டீயரிங் தண்டில் இல்லை, இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே தரையில். மோதலின்போது ஓட்டுநரின் முழங்கால் சாவியில் இடிக்கக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். சாவியை எடுத்தால் ரிவர்ஸ் கியரில் கியர்பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். 1970களின் தொடக்கத்திலேயே முகப்பு விளக்குக்கு வைப்பர், சூடேறும் இருக்கை, மெதுவான இடியில் உள்வாங்கி மீண்டும் வடிவத்துக்கு வரும் பம்பர், கதவுக்குள் பக்கவாட்டு இரும்புத் தண்டு எல்லாம் இந்தக் கார்களுக்கு வந்துவிட்டன. 99 டர்போவும், எரிபொருள் முறை தவறி வெடிக்கும் நாக்கிங்கை உணர்ந்து டர்போ அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏபிசி அமைப்பும் பின்னால் வந்தவை.

இவ்வளவு தனித்தன்மைக்கு ஒரு விலை உண்டு. சாப் ஒருபோதும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கார்களை எட்டியதில்லை. ஒரு புதிய பிளாட்ஃபார்ம், அதாவது காரின் அடித்தளம், உருவாக்கும் செலவு காரின் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை. பத்து லட்சம் கார்களில் பகிரும் செலவை ஒரு லட்சத்தில் பகிர்ந்தால் ஒவ்வொரு காரின் தலையிலும் பத்து மடங்கு விழும். 900 பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியதற்கு அதன் அருமை மட்டும் காரணமில்லை. மாற்றக் காசில்லை என்பதும் காரணம்.

பிளாட்ஃபார்ம் என்பதைப் பலர் வெறும் அடித்தகடு என்று நினைக்கிறார்கள். அது ஒரு முடிவுத் தொகுப்பு. முன் அச்சுக்கும் பெடல்கள் இருக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், எஞ்சின் குறுக்கா நெடுக்கா, முன்புற நீள உத்திரங்கள் எங்கே ஓடுகின்றன, சஸ்பென்ஷன் எந்தப் புள்ளிகளில் பூட்டப்படுகிறது, ஸ்டீயரிங் ரேக் எங்கே, பெட்ரோல் டேங்க் எங்கே, மின்சுற்றுகள் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன என்பனவெல்லாம் அதில் அடங்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக் குழாயும் பதித்தபின் சமையலறையை இடம் மாற்றுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இந்தப் புள்ளிகளை மாற்றுவது. அவை உறுதியாகும் கூட்டத்தில் பெரிய பிராண்டின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிறிய பிராண்டின் பொறியாளர் பின்னால்தான் வருவார். அப்போது அவர் கையில் மிஞ்சுவது உடற்கூட்டின் மேற்பகுதி, தகட்டின் தடிமன், எஃகின் தரம், இருக்கை, ஏர்பேக் நேரக்கணக்கு, அதிர்வு தணிக்கும் டேம்பர், மென்பொருள். மோதல் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. சாபின் பாதுகாப்பு பிழைத்ததும் அதன் இயந்திர அமைப்பு பிழைக்காததும் இதனால்தான்.

ஜிஎம்முக்கு முன்பே சாப் இதை ஒருமுறை செய்து பார்த்திருந்தது. 1984இல் வந்த சாப் 9000, ஃபியட் க்ரோமா, லான்சியா தேமா, ஆல்ஃபா ரோமியோ 164 ஆகியவற்றோடு டைப் ஃபோர் என்ற பொது அடித்தளத்தைப் பகிர்ந்தது. சாப் அதன் முன்புற மோதல் அமைப்பை வலுப்படுத்திக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் க்ரோமாவின் கதவும் 9000இன் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கவாட்டு மோதலுக்கான உள்வலுவூட்டலில் இரண்டும் வேறு. அங்கே ஃபியட் சாபுக்குக் கூட்டாளிதான், முதலாளி இல்லை. வேண்டியதை மாற்றிக்கொள்ள யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

1990இல் 60 கோடி டாலருக்கு ஜிஎம் பாதிப் பங்கையும் நிர்வாகப் பொறுப்பையும் பெற்றது. மீதிப் பாதி ஸ்வீடனின் வாலென்பெரி குடும்பத்து முதலீட்டு நிறுவனமான இன்வெஸ்டாரிடம் இருந்தது. திறந்து இரண்டே ஆண்டான மால்மோ தொழிற்சாலை 1991இல் மூடப்பட்டது. 1993இல் புதிய 900 வந்தது, அப்போது ஜிஎம்மின் பிராண்டாக இருந்த ஓப்பலின் வெக்ட்ரா காரின் அடித்தளத்தில். எஞ்சின் குறுக்காகப் படுத்தது. இரட்டை விஷ்போன் போய் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்ற எளிய சஸ்பென்ஷன் வந்தது. முன்னால் கிளட்ச் இல்லை. சாபின் சொந்த நான்கு சிலிண்டர் எஞ்சினும், நடுவிலிருந்த சாவியும், பெரிய பின்கதவும் மட்டும் தங்கின. அவசரமாக உருவான கார் அது. 1998இல் அது 9-3 என்று பெயர் மாறியபோது 1,100க்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்ததாகச் சாபே சொன்னது. ஐந்து வயதுக் காருக்கு இத்தனை திருத்தம் தேவைப்பட்டது என்றால், முதலில் கொடுத்த கால அவகாசம் போதவில்லை என்றுதான் பொருள்.

1997இல் வந்த 9-5 அதே அடித்தளக் குடும்பம்தான். ஆனால் இதற்கு நேரம் கிடைத்தது. இரண்டு வேலைகளைச் சொன்னால் போதும். முதலாவது, ஊசல் வடிவ நடுத்தூண். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே இருக்கும் தூண் பக்கவாட்டு மோதலில் எங்காவது உள்ளே வந்தே தீரும். மேலே வளைந்தால் தலையிலும் மார்பிலும் இடிக்கும். 9-5இல் தூணின் மேற்பகுதியை விறைப்பாகவும் கீழ்ப்பகுதியை இளக்கமாகவும் அமைத்தார்கள். இடி வந்தால் தூண் கூரையில் தொங்கும் ஊசல் போலக் கீழ்நுனியில் உள்ளே தள்ளப்படும். விசை இடுப்பெலும்பின் மட்டத்தில் இறங்கும். மார்புக்கூட்டை விட இடுப்பு தாங்கும். மேற்பகுதி தன் இடத்தில் நிற்பதால் பக்க ஏர்பேக் விரியத் தேவையான இடைவெளியும் கிடைக்கும்.

இரண்டாவது, தானே நகரும் தலைத்தாங்கி. பின்னாலிருந்து ஒரு கார் இடித்தால் இருக்கை முதுகை முன்னே தள்ளும், தலை மட்டும் தன் இடத்திலேயே நிற்கும். அந்த நொடிப்பிளவில் கழுத்து பின்னோக்கி வளைவதுதான் விப்லாஷ் காயம். சாப் செய்த தீர்வில் சென்சார் இல்லை, வெடிமருந்து இல்லை, கம்பியும் இல்லை. முதுகுச் சாய்மானத்துக்குள் ஒரு அழுத்தத் தகடு, அதிலிருந்து மேலே போகும் நெம்புகோல் இணைப்பு, அதன் முனையில் தலைத்தாங்கி. இடியில் பயணியின் முதுகு தகட்டை அழுத்த, தலைத்தாங்கி மேலும் முன்னும் நகர்ந்து, தலை பின்னே சாய்வதற்குள் அதைத் தாங்கிக்கொள்ளும். அவர் எடைதான் எரிசக்தி. இடி முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும், மாற்ற வேண்டிய பாகம் எதுவும் இல்லை. 2001இல் வெளியான ஆய்வொன்று, பின்மோதலில் சிக்கிய பழைய சாப் கார்களையும் இந்தத் தாங்கி உள்ளவற்றையும் ஒப்பிட்டது. கழுத்துக் காயம் 18 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. இந்த வகைத் தாங்கி பிறகு ஓப்பல் வெக்ட்ரா உள்ளிட்ட மற்ற ஜிஎம் கார்களுக்கும் போனது. பெரிய குழுமத்துக்குள் இருப்பதன் நியாயமான பலன் இதுதான். டிரோல்ஹெட்டனில் பிறந்த யோசனை சாபின் விற்பனையைவிடப் பல மடங்கு கழுத்துகளைக் காத்தது.

மதிப்பெண் அட்டையில் ஏறாத ஒரு விஷயமும் இங்கே உண்டு. ஸ்வீடனின் சாலைகளில் எல்க் மான் மோதல் அன்றாட ஆபத்து. உயர்ந்த கால்கள், பல நூறு கிலோ உடல். கார் கால்களைத் தட்டும், உடல் பானெட்டைத் தாண்டி நேராகக் கண்ணாடியிலும் முன் தூண்களிலும் வந்து விழும். முன்புற உத்திரங்களுக்கு இடியே போகாது, ஏர்பேக் விரியாமலும் போகலாம். உயிர் காப்பது கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டமும் கூரையின் முன்விளிம்பும் மட்டுமே. இதற்காகச் சாப் பொம்மை எல்க்கை வைத்து மோதிப் பார்த்தது. 2001இல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வேடு ஒன்றுக்காக 116 ரப்பர் தட்டுகளைக் கம்பியில் கோத்து, ஏறத்தாழ 350 கிலோ எடையில் ஒரு பொம்மை எல்க்கும் உருவானது. மோதல் சோதனை செய்து கார்களுக்கு நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் இதைச் சோதிப்பதில்லை, அமெரிக்கச் சோதனைகளும் இல்லை. ஜிஎம் காலத்திலும் சாப் இதைக் கைவிடவில்லை. யாரும் மதிப்பெண் தராத ஒரு சோதனைக்குச் செலவழிக்க அனுமதி தொடர்ந்து கிடைத்தது என்பதை ஜிஎம்மின் கணக்கில் வரவாகவே வைக்க வேண்டும்.

இனி எஞ்சின். 9-5இன் மேல்தட்டு மாடலுக்கு ஜிஎம் குழுமத்தின் 3.0 லிட்டர் வி6 கொடுக்கப்பட்டது. சாப் அதற்கு ஒரே ஒரு சிறிய டர்போ பொருத்தியது. ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களின் புகை அதைச் சுழற்றும், ஆறு சிலிண்டருக்கும் அது காற்று ஊட்டும். கொடுத்த பொருளை வைத்துக்கொண்டு புத்தியைக் காட்டிய வேலை அது. 2002இல் வந்த 3.0 டீசல் வி6 கதை வேறு. அது இசுசுவின் எஞ்சின், ஜிஎம் உறவால் வந்தது. அதன் சிலிண்டர் லைனர்கள், அதாவது சிலிண்டரின் உள்சுவராக இருக்கும் உறைகள், காலப்போக்கில் பிளாக்கில் கீழே அமிழும். லைனரின் மேல்விளிம்பு தாழ்ந்தால் ஹெட் கேஸ்கெட் இறுக்கம் இழக்கும், எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும், குழாய்கள் கல்லாக உப்பும், எஞ்சின் சூடேறும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் மீண்டும் அதே இடத்தில் போகும். லைனர் உயரத்தை அளந்து பார்க்காமல் செய்யும் பழுதுபார்ப்பு வீண். இந்த எஞ்சினின் ஆழத்தைத் திருத்தும் அதிகாரம் சாபிடம் இருக்கவில்லை.

ஆனால் எல்லாக் குறையையும் முதலாளி தலையில் கட்டிவிட முடியாது. அதே காலத்துச் சாபின் சொந்த நான்கு சிலிண்டர் எஞ்சின்களான பி205, பி235 இரண்டும் எண்ணெய்க் கசடுக்குப் பெயர்போனவை. 2003 வரையான 9-5, 9-3 கார்களில் இது அதிகம். காரணங்கள் மூன்று சேர்ந்தன. கிராங்க்கேஸ் காற்றோட்ட அமைப்பு போதாததால் எரிந்த வாயுவும் ஈரமும் எண்ணெயிலேயே தங்கின. சூடான கேட்டலிடிக் கன்வெர்ட்டர், எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்கு அருகில் இருந்து எண்ணெயை வறுத்தது. அதற்கு மேல், நீண்ட இடைவெளியில் எண்ணெய் மாற்றலாம் என்று பராமரிப்பு அட்டவணை சொன்னது. விளைவாகத் தார் போன்ற கசடும் கரித்துகளும் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தன. சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கினால் அது முதல் எச்சரிக்கை. அடுத்து டைமிங் சங்கிலிச் சத்தம், பிறகு டர்போ, கடைசியில் கனெக்டிங் ராடு பேரிங்.

பரிகாரம் தெரிந்ததுதான். சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்ய வேண்டும். உறிஞ்சுக் குழாயின் ஓ-ரிங் கெட்டிப்பட்டிருந்தால் அங்கே காற்று புகும், ஆகவே அதையும் புதிதாகப் போட வேண்டும். காற்றோட்டக் குழாய்களைத் திருத்தப்பட்ட கடைசிப் பதிப்புக்கு மாற்ற வேண்டும். பிறகு ஏறத்தாழ 4 லிட்டர் முழுச் செயற்கை எண்ணெய், 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. சேவைப் புத்தகத்தில் முத்திரை மட்டும் பார்த்து இந்தக் காரை வாங்கக்கூடாது. சம்ப் எப்போது இறக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கசடுப் பிரச்சினைக்கு மட்டும் எஞ்சின் உத்தரவாதத்தை எட்டு ஆண்டுக்கு நீட்டினார்கள். எஞ்சின் வடிவமைப்பு முழுக்க ஸ்வீடனுடையது. தனித்தன்மையும் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல என்பதை ரசிகர்கள் இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

2000இல் மீதிப் பாதியையும் 12.5 கோடி டாலருக்கு ஜிஎம் எடுத்துக்கொண்டது. 2002இல் வந்த இரண்டாம் தலைமுறை 9-3 தான் முழு ஜிஎம் கார் என்று சொல்லத்தக்க முதல் சாப். எப்சிலான் என்ற அடித்தளம், வெக்ட்ராவுக்கும் செவ்ரோலே மாலிபுவுக்கும் பொதுவானது. சாபின் எஞ்சின் போய் ஜிஎம்மின் அலுமினிய நான்கு சிலிண்டர் வந்தது. அதை ஆண்ட மூளை மட்டும் சாபின் டிரையானிக் என்ற கட்டுப்பாட்டுக் கணினி. பெரிய பின்கதவு போயிற்று, சாதாரண டிக்கி வந்தது. சாப் வாங்கியவர்களில் பலர் நாயையும் சைக்கிளையும் நாற்காலியையும் ஏற்றவே வாங்கியவர்கள். அவர்களுக்கு ஐந்து கதவு இல்லாத சாப் என்பது எஞ்சின் மாற்றத்தைவிடப் பெரிய இழப்பு.

இங்கேயும் சாப் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. பின் சஸ்பென்ஷனைத் தாங்களே அமைத்து, வளைவில் பின்சக்கரங்கள் இம்மியளவு திரும்பும்படி செய்தார்கள். மின்சுற்றிலும் உடற்கூட்டிலும் தங்கள் வழியில் நிறைய மாற்றினார்கள். பாதுகாப்பில் பலன் தெளிவு. 2002இல் யூரோ என்கேப் ஐந்து நட்சத்திரம், 2004இல் திறந்த கூரை மாடலுக்கும் ஐந்து. அமெரிக்கக் காப்பீட்டாளர்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2006 மாடல்களுக்காக முதன்முறை வெளியிட்ட சிறந்த கார் பட்டியலில் தங்கம் வாங்கிய சிலவற்றில் 9-3 ஒன்று. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் பொது அடித்தளத்தின் சேமிப்பைத் தின்றது. பகிர்ந்த காரின் கட்டுப்பாடுகளும் தனிக்காரின் செலவும் ஒருசேரச் சாபின் தலையில் விழுந்தன. கார் விலகி நிற்க வேண்டும் என்றால் அதற்கேற்ற எண்ணிக்கை விற்க வேண்டும், அல்லது அதற்கேற்ற விலை கிடைக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஜிஎம்மின் உண்மையான தவறு அடித்தளத்தைப் பகிர்ந்தது அல்ல. அடுத்த மாடலுக்கான பணத்தைத் தொடர்ந்து தள்ளிப்போட்டதுதான். 1997இல் வந்த 9-5 முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு 2009 வரை விற்றது. அந்தப் பிரிவில் ஒரு காரின் ஆயுள் ஏழெட்டு ஆண்டு.

காசு வராத இடைவெளியை நிரப்ப வந்தவைதான் அந்த இரண்டு கார்கள். 9-2எக்ஸ் என்பது சுபாரு இம்ப்ரெசா. சுபாருவின் தாய் நிறுவனத்தில் ஜிஎம்முக்கு 20 சதவீதப் பங்கு இருந்ததால் ஜப்பானில் செய்து அமெரிக்காவில் சாப் பெயரில் விற்றார்கள். 2005இல் அந்தப் பங்கை விற்றதும் காரும் போனது. இம்ப்ரெசா தன்னளவில் நல்ல கார், ஆகவே வாங்கியவருக்கு நட்டமில்லை. 9-7எக்ஸ் அப்படியல்ல. ஒஹையோவில் செவ்ரோலே டிரெயில்பிளேசரோடு ஒரே கூரையின் கீழ் உருவான, ஏணிச் சட்டத்தின் மேல் உடல் வைத்த, 6.0 லிட்டர் வி8 வரை கிடைத்த எஸ்யூவி. சாவியை நடுவுக்கு நகர்த்தினார்கள், முகத்தை மாற்றினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள். ஊசல் தூணை உருவாக்கியவர்கள் அதன் உடற்கூட்டைத் தொடவில்லை. நம் ஊரில் மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்சாவும் ஒரே கார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. 9-7எக்ஸ் வாங்கியவர் சாபின் பாதுகாப்புப் புகழுக்குப் பணம் கொடுத்தார். இதை நான் மன்னிக்கத்தக்கதாகக் கருதவில்லை.

வேர் எங்கே என்பது திரும்பப்பெறும் அறிவிப்புகளில் வெளிப்படும். டிரெயில்பிளேசர் குடும்பத்தில் ஓட்டுநர் கதவிலுள்ள கண்ணாடி, பூட்டு சுவிட்சுத் தொகுதிக்குள் நீர் புகுந்து, அரித்து, ஷார்ட் ஆகி, நிறுத்திய வண்டியே தீப்பிடிக்கலாம் என்று அறிவித்தார்கள். சரிசெய்யும் வரை வண்டியை வீட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்கள். பட்டியலில் ஜிஎம்சி என்வாய், இசுசு அசெண்டர் ஆகியவற்றோடு 2005 முதல் 2007 வரையான 9-7எக்ஸும் இருந்தது.

கடைசி அடி இயந்திரத்தில் விழவில்லை, காகிதத்தில் விழுந்தது. 2009இல் திவாலான ஜிஎம் சாபை விற்க முயன்றது. ஸ்வீடனின் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான கோனிக்செக்குடன் நடந்த பேச்சு அந்த நவம்பரில் முறிந்தது. 2010 தொடக்கத்தில் டச்சு நிறுவனமான ஸ்பைக்கர் வாங்கியது. புதிய 9-5 அப்போதுதான் வந்தது, அதுவும் ஜிஎம் அடித்தளம். 9-4எக்ஸ் மெக்சிகோவில் ஜிஎம் தொழிற்சாலையில் காடிலாக் எஸ்ஆர்எக்ஸோடு உருவானது. அதாவது நிறுவனம் கைமாறியது, காருக்குள் இருந்த உரிமை கைமாறவில்லை. 2011 ஏப்ரலில் பாகம் தருவோருக்குப் பணம் கொடுக்க முடியாமல் உற்பத்தி நின்றது. சீன நிறுவனங்கள் பணத்தோடு வந்தபோது, தன் தொழில்நுட்பம் சீனப் போட்டியாளர் கைக்குப் போவதை ஏற்க முடியாது, உரிமத்தை நிறுத்திவிடுவேன் என்றது ஜிஎம். 2011 டிசம்பர் 19 அன்று சாப் திவால் மனு கொடுத்தது. முந்தைய தலைமுறை 9-3, 9-5 தொழில்நுட்பத்தை மட்டும் 2009 இறுதியிலேயே சீனாவின் பெய்ஜிங் ஆட்டோ குழுமம் வாங்கியிருந்தது.

அதே நாட்டில், டிரோல்ஹெட்டனிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கோத்தன்பர்க்கில் இன்னொரு கதை நடந்தது. வோல்வோ கார்களை 1999இல் ஃபோர்டு 645 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே அடித்தளம் எதிர்த்திசையில் பயணித்தது. வோல்வோ எஸ்80க்காகச் செய்ததை எடுத்து ஃபோர்டு தன் ஃபைவ் ஹண்ட்ரட் காரைக் கட்டியது. 2006 தங்கப் பட்டியலில் 9-3க்குப் பக்கத்தில் நின்றது அந்த ஃபைவ் ஹண்ட்ரட். இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கும் அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது ஸ்வீடன் பொறியாளர்களின் வேலை.

வோல்வோவின் பலம் 1970 முதல் உண்மையான விபத்துகளை நேரில் போய் ஆராயும் குழு. 40,000க்கும் மேற்பட்ட கார்களின் விவரம் அதனிடம் இருக்கிறது. காரின் முன்பக்கத்தில் கால்வாசி அகலம் மட்டும் மரத்திலோ கம்பத்திலோ மோதினால் இடி முக்கிய உத்திரங்களைத் தவிர்த்துவிட்டு நேராகச் சக்கரத்திலும் கதவுத் தூணிலும் இறங்கும் என்பதை அந்தத் தரவு முன்பே காட்டியது. அமெரிக்கக் காப்பீட்டாளர் கழகம் 2012இல் இந்தச் சிறு பரப்பு மோதலைச் சோதிக்கத் தொடங்கியபோது 11 சொகுசுக் கார்களில் இரண்டுதான் நல்ல மதிப்பெண் வாங்கின. ஒன்று வோல்வோ எஸ்60. 2002இல் அறிமுகமான பழைய எக்ஸ்சி90 கூடப் பின்னர் அதில் தேறியது. சோதனை பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பு வரைந்த கார் அது. முதலாளி யாராக இருந்தாலும் அந்த விபத்துக் கோப்புகளை யாரும் தூக்கி எறியவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

2010இல் சீனாவின் ஜீலி வோல்வோவை வாங்கியது. பொறியியல் துறையைக் கோத்தன்பர்க்கிலேயே விட்டு, சொந்த அடித்தளம் கட்டப் பணம் கொடுத்தது. 2014இன் எக்ஸ்சி90க்கு வந்த அந்த எஸ்பிஏ அடித்தளத்தில் மாறாத அளவு முன் அச்சுக்கும் பெடலுக்கும் இடையிலானது மட்டும். உடற்கூட்டின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சூட்டில் அச்சடித்த போரான் எஃகு. செலவைக் குறைத்தது எஞ்சினில். எல்லா மாடலுக்கும் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் போதும் என்று முடிவெடுத்தார்கள். எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது என்ற தேர்வைப் பிராண்டே செய்தது. 2023இன் சிறிய மின்கார் ஈஎக்ஸ்30 ஜீலியின் பொது அடித்தளத்துக்குப் போய்விட்டது. யூரோ என்கேப் ஐந்து நட்சத்திரம் உண்டு. ஆனால் ஓட்டுநர் கண்முன் வேகமானி இல்லை, நடுத்திரையின் மூலையில் பார்க்க வேண்டும். செலவு முடிவு ஓட்டுநரின் கண்ணசைவுக்குள் நுழைந்திருப்பது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

கைமாறிய பிராண்டின் காரை வாங்க நினைப்பவர் பிராண்டின் பழைய புகழைக் கேட்பதை விட்டுவிட்டுச் சில ஆவணங்களைப் பார்ப்பது பயன் தரும். அந்தக் குறிப்பிட்ட மாடலின் அடித்தளப் பெயர் என்ன, அதே அடித்தளத்தின் மற்ற கார்கள் எவை. நட்சத்திர மதிப்பெண் இந்த உடலுக்கே கிடைத்ததா, அடித்தள உறவினருக்குக் கிடைத்ததா. சோதனை எந்த ஆண்டு, ஏனென்றால் 2002இன் ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல. எஞ்சின் குறியீட்டைத் தனியே தேட வேண்டும், பழுது வரலாறு பிராண்டோடு போகாது, எஞ்சினோடுதான் போகும். காரின் அடையாள எண்ணான வின் எண்ணை அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு இணையதளத்தில் போட்டுத் திரும்பப்பெறுதல் நிலுவையைப் பார்க்க வேண்டும்.

சாப் வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி வேலை இன்றும் அவசியம். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்துச் சில்லுகளாகப் பாய்ச்சக்கூடும். 2003 முதல் 2011 வரையான 9-3, 2010, 2011 ஆண்டுகளின் 9-5 ஆகியவற்றின் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2016இல் அமெரிக்காவில் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. 9-2எக்ஸ் சுபாருவின் பட்டியலில் வந்தது. செய்த நிறுவனம் மறைந்துவிட்டாலும் அங்கே பொறுப்பு ஜிஎம்முடையது, மாற்றிக்கொடுப்பது இலவசம். திறந்த கூரை 9-3 என்றால் ஓட்டுநர் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கம்பி அறுந்துபோகும் குறைக்கும் தனி அறிவிப்பு உண்டு. பெல்ட்டை உருவிவிட்டால் சுருண்டு உள்ளே போகாமல் தொங்கினால் அந்தக் காரை ஓட்டாமல் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.